குத்தகை முடிந்த ராட்டினம்

தில்லியில் மத்திய அரசுக் குடியிருப்புகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மே மாதம் இரண்டு விதமாக வரும். ஒரு வருஷம் நாங்கள் ஊருக்குப் போவோம். மறு வருஷம் ஊர் எங்கள் வீட்டுக்கு வரும். சொந்த ஊர் போய்வர அரசாங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பயணச் சலுகை தரும் என்பதால் இந்தக் கணக்கு. எனக்கும் தம்பிக்கும் ஊர் வருகிற வருஷம்தான் உசத்தி. அந்த வருஷக் கோடையில்தான் அப்பு கர் என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போக முடியும்.

பெரியப்பா குடும்பமோ அத்தை குடும்பமோ, சில சமயம் இரண்டும் சேர்ந்தோ திருநெல்வேலியிலிருந்து கிளம்பும். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து மூட்டை முடிச்சோடு சென்ட்ரல், பிறகு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். மூன்றாம் நாள் காலை புது தில்லி ஸ்டேஷனில் இறங்கும்போது எல்லாருடைய தலைமுடியும் புழுதி பிடித்துச் செம்பட்டையாகியிருக்கும். தகர டின்னில் முறுக்கு, அதிரசம். ஓலைக் கொட்டானில் கருப்பட்டி. பழந்துணியில் சுற்றிய உப்பு நார்த்தங்காய். ஒரு சாக்குப் புழுங்கலரிசி. சரோஜினி நகரில் அப்பாவுக்கு ஒதுக்கியிருந்தது இரண்டு அறை வீடு. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர். பெண்கள் உள்ளே கூலர் காற்றில் படுப்பார்கள். ஆண்களும் பிள்ளைகளும் வெளியே புல்தரையில் கயிற்றுக் கட்டில் போட்டுக்கொள்வோம். கட்டில் போதாவிட்டால் மேல்வீட்டு சர்தார்ஜி மாமா தன்னுடையதை மாடியிலிருந்து இறக்கிக் கொடுப்பார்.

வந்தவர்களுக்கு தில்லியைக் காட்ட அப்பாவிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. முதல் நாள் மலை மந்திர், சுவாமிநாதனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். அடுத்து குதுப் மினார், செங்கோட்டை, ராஜ்காட், பிர்லா மந்திர். நடுவில் ஒரு நாள் ஆக்ரா. அப்பு கரைக் கடைசி நாளுக்கு வைத்திருப்பார். பிள்ளைகள் அதுவரை படுத்தாமல் இருப்பார்கள் என்ற யோசனை. அது நன்றாகவே வேலை செய்தது. செங்கோட்டை வெயிலில் அழத் தொடங்குகிற அத்தை மகனிடம் “அப்பு கர்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

போவது ரிங் ரயிலில். இன்று தில்லியில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு ரயில் இருப்பதே தெரியாது. சரக்கு வண்டிகளுக்காக 1975-இல் போட்ட வளையப் பாதை அது. 1982 ஆசிய விளையாட்டுக்காகத்தான் பயணிகளுக்கென்று அதைச் சீர்செய்தார்கள். காலையிலும் மாலையிலும் மட்டும் வண்டி வரும். சரோஜினி நகர் ஸ்டேஷனில் ஏறினால் லோதி காலனி, சேவா நகர், லாஜ்பத் நகர், நிஜாமுதீன் என்று வீடுகளின் கொல்லைப்புறம் வழியாகவே நகரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். கொடியில் காயும் துணி, மொட்டை மாடியில் உலரும் மிளகாய், தண்டவாளத்தை ஒட்டிக் கிரிக்கெட் ஆடும் பையன்கள். திலக் பிரிட்ஜில் இறங்கி, உச்ச நீதிமன்றத்தின் பக்கமாக நடந்தால் சற்று நேரத்திலேயே சத்தம் கேட்கத் தொடங்கும். ராட்டினம் கண்ணுக்குத் தெரியுமுன்பே அதில் இருப்பவர்களின் கூச்சல் மரங்களுக்கு மேலாக வந்துவிடும். அந்த இடத்தில் நடந்துகொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஓட ஆரம்பிப்போம். பின்னாலிருந்து பெரியப்பா கத்துவார், “ஏல, ரோட்டைப் பாத்துப் போங்கலே!”

வாசலில் அப்பு. 1982 ஆசிய விளையாட்டின் சின்னமான அந்தக் குட்டியானையின் பெயரைத்தான் பூங்காவுக்கு வைத்திருந்தார்கள். அப்பு என்பது வெறும் கேலிச்சித்திரம் இல்லை என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். குருவாயூர்க் கோயிலைச் சேர்ந்த குட்டிநாராயணன் என்ற நிஜமான குட்டிதான் அன்று அப்புவாக தில்லிக்கு வந்தது. கேரளத்து யானைகள் நெற்றிப்பட்டத்தோடு ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் வரிசையாக நின்ற தொடக்க விழாவை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கலர் ஒளிபரப்பு வந்திருந்த வருஷம். எங்கள் பிளாக்கில் கலர் டிவி ஒரே வீட்டில்தான். அங்கே முன்னறையில் இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். பி.டி. உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வாங்கியதை அந்தக் கம்பிகளின் இடைவெளியில்தான் பார்த்தோம். தெற்கிலிருந்து வந்த ஒரு பெண்ணும் தெற்கிலிருந்து வந்த ஒரு யானையும் தில்லி முழுக்கப் பேச்சாக இருந்த அந்தக் குளிர்காலத்தில், பள்ளிக்கூடத்தில் எங்களை ‘மதராசி’ என்று கூப்பிடுவது கொஞ்ச நாளைக்கு ஓய்ந்திருந்தது. அதனால் பூங்கா வாசலில் அப்புவின் உருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டு ஆள் ஒருவர் அங்கே நின்று வரவேற்பதாகவே எனக்குத் தோன்றும்.

உள்ளே நுழைந்ததும் பெரியவர்கள் ஒரு மரத்தடியைப் பிடித்துக்கொள்வார்கள். அம்மாவின் கூடையில் புளியோதரை, தயிர்ச் சாதம், எவர்சில்வர் தூக்கில் குடிதண்ணீர். அப்பா சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி, யாருக்கு எத்தனை சீட்டு என்று பிரிப்பார். குமாஸ்தா சம்பளத்தில் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அன்று எங்கள் புத்தியில் உறைக்கவில்லை. அவர் எந்த ஆட்டத்திலும் ஏறி நான் பார்த்ததில்லை. ‘எனக்குத் தலை சுத்தும்’ என்பார். இன்று எனக்கு அவருடைய அன்றைய வயது. அந்தத் தலைசுற்றலில் எத்தனை பங்கு சீட்டுக் காசு என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கொலம்பஸ் என்று ஒரு கப்பல். தில்லியில் அந்தக் காலத்தில் பிள்ளையாக இருந்த யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் அதுதான். நடுக்கடலையே கண்டிராத ஊரில், பெரிய ஊசலாக அந்தக் கப்பல் இரண்டு பக்கமும் ஏறி இறங்கும். கடைசி வரிசைக்குத்தான் போட்டி. மேலே போய் ஒரு கணம் நிற்கும் பாருங்கள், அந்த இடத்தில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். வயிறு தனியாகக் கழன்று மேலேயே நின்றுவிடும். கப்பல் மட்டும் கீழே போகும். என் அத்தை மகன், பாளையங்கோட்டையில் பெரிய சண்டியர் என்று பெயர் எடுத்தவன், அந்த ஒரு கணத்தில் நெல்லையப்பரையும் காந்திமதியையும் ஒரே மூச்சில் கூப்பிட்டான். பக்கத்தில் இருந்த பஞ்சாபிப் பையன் “வாஹே குரு” என்றான். இறங்கியதும் இருவரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள். அவனுக்கு இந்தியில் நாலு வார்த்தை தெரியாது. இவனுக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்திருக்கும்.

ஊர்ப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் இடையே எப்போதும் ஒரு கூச்சம் இருந்தது. நாங்கள் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் லட்சுமிபாய் நகர்ப் பள்ளியில் படித்தோம். தமிழ் எழுதவும் படிக்கவும் தெரியும். ஆனால் எங்கள் பேச்சு அவர்களுக்குச் சிரிப்பு. கோபம் வந்தால் இந்தி வந்துவிடும். கணக்குப் போடும்போது “தீன், சார்” என்று முணுமுணுப்போம். “இதென்னட்டி, பாதி நம்ம பேச்சு, பாதி துலுக்கப் பேச்சு மாதிரி இருக்கு” என்று பெரியம்மை வியப்பாள். நாங்கள் ஊருக்குப் போகிற வருஷங்களில் தாமிரபரணியில் நீந்தத் தெரியாமல் படித்துறையிலேயே உட்கார்ந்திருப்போம். அங்கே அவர்கள் ராஜா. தில்லியில் சாலையைக் கடக்கவே எங்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே நாங்கள் ராஜா. அப்பு கரில்தான் இந்தக் கணக்கு நேராகும். அங்கே யாருக்கும் எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மோதும் கார்களில் மணிக்கணக்காகக் கிடக்கலாம் என்று இருக்கும். தலைக்கு மேல் விரித்த கம்பி வலையிலிருந்து ஒவ்வொரு காரின் கம்பமும் மின்சாரம் வாங்கிக்கொள்ளும். கம்பம் வலையை உரசும் இடத்தில் நீலப் பொறி பறக்கும். கருகிய ஓர் உலோக வாசனை வரும். தம்பிக்கு ஓட்டுவதைவிட அந்தப் பொறியைப் பார்ப்பதில்தான் ஆசை. காசைக் கொடுத்து ஏறிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பான். நாலாபுறமும் வந்து இடிப்பார்கள். இன்று அவன் மின்பொறியாளர். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு என்றே சொல்கிறான்.

மை ஃபேர் லேடி என்று ஓர் ஆட்டம் இருந்தது. இறங்கியதும் ஆலூ டிக்கியோ சாஃப்டியோ தின்னக் கூடாது, தின்றால் வெளியே வந்துவிடும் என்று எங்களுக்குள் ஒரு சட்டம். கேம்பா கோலாவுக்கு மட்டும் விலக்கு.

ஆச்சி ஒரே ஒரு முறைதான் தில்லி வந்தாள். ஹரித்துவாரில் முழுக்குப் போட வந்தவளை, அப்பு கருக்கும் கூட்டிப் போனோம். மரத்தடியில் உட்காருவாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவளோ ராட்டினத்தை ஏறிட்டுப் பார்த்தபடியே நின்றாள். ஆனித் திருவிழாவுக்கு டவுனில் போடுகிற மர ராட்டினத்தைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாளாம். நாலு பெட்டி, இரண்டு ஆட்கள் கையால் சுற்றுவது. ஏறவிடவில்லை. “பொம்பளப் பிள்ளைக்கு என்ன ராட்டு வேண்டிக் கெடக்குன்னுட்டாரு எங்க அய்யா.” அப்பா ஒன்றும் பேசாமல் போய் இரண்டு சீட்டு வாங்கி வந்தார். துணைக்கு நான்.

பெட்டி மேலே ஏற ஏற ஆச்சி சேலைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டாள். பயந்த முகம் இல்லை. உச்சியில், கீழே ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றது. தெற்கே புராணா கிலாவின் இடிந்த மதில். கிழக்கே வெயிலில் வெளுத்த யமுனை. மேற்கே, கையெட்டும் தூரத்தில், உச்ச நீதிமன்றத்தின் குவிமாடம்.

“அது என்ன கோயிலு?”

“கோயில் இல்ல ஆச்சி. கோர்ட்டு. இந்தியாவுக்கே பெரிய கோர்ட்டு.”

“பெரிய கோர்ட்டா? அதுக்குப் பக்கத்துல பிள்ளையள வெளையாட விட்டுருக்கான். நல்ல காரியம்.”

அந்தச் சொல்லை நான் அப்போது கவனிக்கவில்லை. ராட்டினம் இறங்கும்போது அவள் சிரித்த சிரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபது வருஷம் காத்திருந்து ஏறியவள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஹரித்துவாரைப் பற்றிப் பேசியதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேசினாள் என்று அத்தை எழுதியிருந்தாள்.

அப்பு கர் திறந்த நாள் 1984 நவம்பர் 19. இந்திரா காந்தியின் பிறந்தநாள். அவர் சுட்டுக் கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். நாட்டின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று பத்திரிகைகளில் வந்தது. எங்கள் பிளாக்கில் அந்தச் செய்தியை யாரும் வாசித்ததாக நினைவில்லை. அந்த மாதத்தின் முதல் நாட்களில், சீக்கியர்களைத் தேடித் தாக்கிய கலவரத்தில், தில்லியின் வானத்தில் புகை நின்றது. மேல்வீட்டு சர்தார்ஜி மாமாவின் பெயர்ப்பலகையை அப்பா திருப்புளி கொண்டு கழற்றி எடுத்துவந்து எங்கள் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார். அவர்கள் குடும்பம் முழுக்க எங்கள் உள்ளறையில் இருந்தது. விளக்குப் போடவில்லை. அம்மா எல்லாருக்கும் ரசஞ்சாதம் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தாள். அவர்களுடைய மூத்த பையன் என் வகுப்பு வயதுதான். இரவு முழுவதும் என் பக்கத்தில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தான்.

அடுத்த வசந்தத்தில், ஹோலி முடிந்து, வெயில் ஏறுமுன், அப்பாவும் சர்தார்ஜி மாமாவும் பேசிவைத்துக்கொண்டு இரண்டு குடும்பத்தையும் அப்பு கருக்கு அழைத்துப் போனார்கள். நான் முதல்முதலாகப் போனது அன்றுதான். எந்த விசேஷமும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த வீட்டு ஆன்ட்டியும் அம்மாவும் கொலம்பஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கப்பல் மேலே போனபோது ஒருத்தி “ஹாய் ரப்பா” என்றாள், ஒருத்தி “எம்மா, எம்மா” என்றாள். இருவர் கையும் ஒன்றையொன்று பிடித்ததில் அம்மாவின் கண்ணாடி வளையல் உடைந்து ஆன்ட்டியின் விரலில் கீறிவிட்டது. இறங்கியபின் தூக்குத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தார்கள். அந்த ஊர் அந்தக் குளிர்காலத்தில் என்னென்னவெல்லாம் செய்தது என்று பிறகு எவ்வளவோ படித்துவிட்டேன். அதே ஊர் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் எனக்கு தில்லி.

நவம்பரில் இன்னொரு வழி உண்டு. ஆண்டுதோறும் 14-ஆம் தேதி பிரகதி மைதானத்தில் சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சி தொடங்கும். தில்லித் தமிழர்கள் அத்தனை பேரும் தமிழ்நாடு அரங்குக்கு ஒரு நாள் போயே தீருவார்கள். பூம்புகார்ப் பித்தளையும் காஞ்சிப் பட்டும் பார்த்து, சூடாக இட்லி தின்று, யாரோ ஒருவருடைய ஊர்க்காரரைக் கண்டுபிடித்துப் பேசி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும். பக்கத்திலேயே அப்பு கர். ராஜ் ரேவல் வடிவமைத்து 1972-இல் எழுந்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கட்டடத்தின் முக்கோண வலைப்பின்னலை அந்தக் குளிர் மாலைகளில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே அதைக் கடந்து போவோம். 2017 ஏப்ரலில் ஒரே இரவில் அதையும் இடித்துவிட்டார்கள்.

அப்பா ஓய்வுபெற்றது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஓய்வுபெற்ற சில மாதங்களுக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். முப்பது வருஷம் இருந்த ஊரில் எங்களுடையது என்று ஒரு சாண் நிலம் கிடையாது. முன்புறப் புல்தரையில் அம்மா வைத்த கறிவேப்பிலைக் கன்று ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அடுத்து வரப்போகிற குடும்பம் ஒரு பிகாரிக் குடும்பம். அந்த இலையை என்ன செய்வதென்று அவர்களுக்கு அம்மா சைகையிலும் இந்தியிலும் விளக்கிக்கொண்டிருந்தாள். நான் அழவில்லை. அரசாங்கப் பிள்ளைகளுக்கு இது பழக்கம். ஒவ்வொரு மே மாதமும் யாரோ ஒரு சிநேகிதன் வீட்டுச் சாமான் லாரியில் ஏறும். எங்கள் முறை வந்தது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசி வாரத்தில் அப்பு கர் போகலாமா என்று அப்பா கேட்டார். நாங்கள் பெரியவர்களாகிவிட்டோம் என்ற எண்ணத்தில் இருந்தோம். யாரும் பதில் சொல்லவில்லை. போகவில்லை.

2005-இல் குட்டிநாராயணன் இறந்த செய்தி பத்திரிகையில் சிறிதாக வந்தது. ஆசிய விளையாட்டு முடிந்து குருவாயூருக்கே திரும்பிப் போயிருக்கிறான். பிறகு ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள் தவறி விழுந்து கால் முறிந்திருக்கிறது. அது ஆறவே இல்லை. தில்லியில் லட்சக்கணக்கான பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லிக் குதித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், புன்னத்தூர்க் கோட்டை யானைக் கொட்டிலில் அவன் வலியோடு நின்றிருக்கிறான். நாங்கள் ஒருவரும் ஒருமுறைகூட அவனைப் போய்ப் பார்த்ததில்லை. திருநெல்வேலியிலிருந்து குருவாயூர் ஓர் இரவுப் பயணம்தான்.

2008 பிப்ரவரியில் அப்பு கர் மூடியது. சரோஜினி நகர் வீட்டைப் போலவே அதுவும் இரவல் நிலம்தான். ஏறத்தாழ 15 ஏக்கர், குத்தகை. குத்தகை முடிந்து, வழக்கு நடந்து, நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கும் மெட்ரோவுக்கும் போயிற்று. கடைசி நாட்களில் கூட்டம் அலைமோதியதாம். பிள்ளையாக இருந்தபோது வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். நான் சென்னையில் தொலைக்காட்சியில் பார்த்தேன். உடனே தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இருவரும் போனை வைக்காமல் அவரவர் வீட்டிலிருந்து அந்தச் செய்தியைக் கடைசிவரை பார்த்தோம்.

பிறகு அலுவலக வேலையாக தில்லி போகிறபோது மெட்ரோவில் அந்தப் பக்கம் போவதுண்டு. பிரகதி மைதான் என்றிருந்த ஸ்டேஷனுக்கு இப்போது சுப்ரீம் கோர்ட் என்று பெயர். இறங்கி நடந்தால் நீதிமன்றத்தின் கூடுதல் கட்டட வளாகம். 2019 ஜூலையில் திறந்தது. 12 ஏக்கருக்கு மேல் பரப்பு, வழக்கறிஞர்களுக்கான அறைகள், பழைய கட்டடத்துக்குப் போய்வரச் சுரங்கப்பாதை. நல்ல கட்டடம். கறுப்புக் கோட்டுகள் வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. கொலம்பஸ் எந்த இடத்தில் நின்றது என்று கணிக்கப் பார்த்தேன். திலக் பிரிட்ஜ் ரயில்பாதையை வைத்து, நீதிமன்றக் குவிமாடத்தை வைத்து, வாசல் இங்கே, மரம் அங்கே என்று மனத்தில் கோடு போட்டேன். மரம் ஒன்றும் பிடிபடவில்லை.

சரோஜினி நகருக்கும் போனேன். பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டத்தில் எங்கள் பிளாக்கும் போய்விட்டது. 2018-இல் அந்தக் காலனிகளின் மரங்களை வெட்டக் கூடாது என்று மக்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். நீதிமன்றம் தடை விதித்தது. நான் போனபோது தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிரேன்கள் நின்றன. கறிவேப்பிலை மரத்தைத் தேடும் பைத்தியக்காரத்தனம் வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். மார்க்கெட் மட்டும் அப்படியே இருந்தது. அங்கே நின்று ஆலூ டிக்கி தின்றேன்.

உச்ச நீதிமன்றத்துக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. வழக்குக் கட்டுகளோடு தூரதேசத்திலிருந்து வருகிறவர்கள் உட்கார ஒரு நிழல் இருக்கத்தான் வேண்டும். என் ஆற்றாமை வேறு. ஒரு நாட்டின் தலைநகரம், தன் மையத்தில், நீதிமன்றத்துக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் நடுவில், யாரும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கக்கூடிய இடத்தில் பிள்ளைகளுக்கென்று நிலம் ஒதுக்கியிருந்தது. இருபத்து மூன்று வருஷம் அது இருந்தது. பிறகு நகரங்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டன. இன்றைய பூங்காக்கள் பெரியவை, பத்திரமானவை, அங்கே தண்ணீரில் அலைகூட எழும்பும். குருகிராமில் அப்பு கர் என்ற பெயரிலேயே பின்னாளில் ஒன்று வந்தது. ஆனால் பெரும்பாலானவை ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், கார் இருப்பவர்களுக்குத் தோதான இடத்தில். ஒரே சீட்டு, அது ஆளுக்கு ஆயிரக்கணக்கில். என் மகளை ஒருமுறை கூட்டிப் போனேன். எல்லா ஆட்டத்திலும் ஏறினாள், மகிழ்ந்தாள், நானும் மகிழ்ந்தேன். எங்களோடு வேறு யாரும் இல்லை. மூன்று பேர் போய் மூன்று பேர் திரும்பினோம். ஒரு குமாஸ்தா பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கூடையில் புளியோதரையோடு வந்து, ஒருநாள் முழுக்கத் தங்கிப்போகும் இடமாக அது இல்லை. ராட்டினத்தில் ஏற வசதியில்லாதவர் ஏறாமல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கவும் ஒரு பூங்காவில் இடம் இருக்க வேண்டும். அப்பாவுக்கு அது இருந்தது.

இப்போது ஊரிலிருந்து யாரும் தில்லி போவதில்லை, போனாலும் ஓட்டலில் தங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். அத்தை மகன் பாளையங்கோட்டையில் பேரன் எடுத்துவிட்டான். சர்தார்ஜி மாமாவின் மூத்த பையன் கனடாவில் இருக்கிறான். தீபாவளிக்கும் குருபூரபுக்கும் நாங்கள் வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம். சென்ற வருஷம் அவன் ஒரு போட்டோ அனுப்பினான். கொலம்பஸின் முன்னால் இரண்டு குடும்பமும் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். அம்மாவும் ஆன்ட்டியும் நடுவில். அப்பா இல்லை, எடுத்தவர் அவராக இருக்கும்.

அதை அச்சுப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். எண்பது கடந்தவள், பெயர்கள் கொஞ்சம் மறக்கின்றன. படத்தைப் பார்த்ததும் ஆன்ட்டியின் விரலைத்தான் தொட்டுக் காட்டினாள். “வளையல் குத்திட்டு அன்னைக்கு” என்றாள். பிறகு, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். கோர்ட்டு என்றேன்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. மதுரா ரோடு பக்கம், மெட்ரோவிலிருந்து ஏறி வருகிற வாசலருகே, எல்லாரும் பார்க்கிற உயரத்தில் ஒரு கல்பலகை வைக்க வேண்டும். அப்பு கர், 1984 முதல் 2008 வரை இங்கே இருந்தது என்று எழுதினால் போதும். கூடவே ஒரு குட்டியானையின் உருவம், குட்டிநாராயணன் என்ற அதன் பெயரோடு. நீதிமன்ற நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தம்பி அதில் இரண்டு திருத்தம் சொன்னான். கனடாவிலிருந்து சர்தார்ஜி மாமாவின் பையனும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த மாதம் அனுப்புகிறோம்.